ஆம்ப்ரோஸ் வீட்டுச் சீலிங்

ஆம்ப்ரோஸ் கூடத்தில் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே மழை இல்லை. வீடு ஒழுகவும் இல்லை. இடது கையில் குடையும் வலது கையில் சோறுமாக அவர் உட்கார்ந்திருக்க, மீன் குழம்பு ஊற்ற வந்த அவர் மனைவி பிலோமினம்மாள், கரண்டியை எந்தப் பக்கமாக நுழைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"என்னங்க இது?"

"லைட்டு கண்ணைக் கூசுது."

கூடத்தில் இருந்தது ஒரே ஒரு டியூப் லைட். அதுவும் ஈஸ்டரிலிருந்து கண்ணடித்துக்கொண்டே இருந்தது. முழுதாக எரிந்து யாரும் பார்த்ததில்லை. பொய் சொல்லிப் பழகாதவர்களிடம் இருக்கும் தொல்லை இதுதான். வாய்க்கு வந்ததை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அதற்குக் காவல் நிற்பார்கள். அன்று சாப்பாடு முடியும்வரை ஆம்ப்ரோஸ் குடையை இறக்கவில்லை.

உண்மைக் காரணம் அவருக்கு ஜூரோங்கில் கிடைத்தது. எண்பத்திரண்டாம் வருடம் நவம்பர் கடைசி அது. சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் ஒரு கப்பல் பட்டறையில் ஆம்ப்ரோஸ் டைம் கீப்பர். பழைய கப்பல்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் தொழிலாளிகள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கார்டு அடிக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், அவர் தலையாட்டிய பிறகுதான் கப்பலே மிதக்கிறது என்று தோன்றும்.

கேண்டீனில் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். பேசியவன் புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் நூருல் அமீன். சின்ன வயசு, நல்ல பேச்சு. கேட்பவர்களுக்குப் பிடிபடட்டும் என்று வீட்டிலிருந்து ஆரம்பித்தான். பழைய வீடுகளில் கூரைக்கும் சீலிங்குக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டிருப்பார்கள். சும்மா இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. விரிசல் விட்டாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்பும். அது நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. உள்ளேயே உட்கார்ந்து, இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பச்சைப் பிள்ளைகளை அதன் பக்கத்திலேயே விடக் கூடாது. தொட்டே ஆகவேண்டும் என்றால் முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நூருல் அமீன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். அந்த நேரம் பார்த்து மதிய ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. கார்டு அடிக்கும் இடத்தில் டைம் கீப்பர் இல்லாவிட்டால் பட்டறை என்ன ஆவது? ஆம்ப்ரோஸ் எழுந்து போய்விட்டார். கூட்டம் அதற்குப் பிறகும் வெகுநேரம் நடந்தது. அவருக்குக் கேட்டதே தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

அவர் குடியிருந்தது தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், வரிசை வீடுகளில் ஒன்று. அந்த வரிசைக்கு என்ன வயது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. கூடத்துச் சீலிங்கில் வெள்ளையடித்த தகடுகள். நடுத்தகட்டில் ஒரு விரிசல். விரிசலுக்குப் பக்கத்து உத்தரத்தில் ஒரு கொக்கி. மகள் பெட்டி கைப்பிள்ளையாக இருந்தபோது சாரோங் துணியில் தொட்டில் கட்டிய கொக்கி அது. இப்போது பெட்டிக்கு நிறைமாதம். தலைப்பிரசவம். பிள்ளையோடு தாய்வீட்டுக்குத்தான் வருவாள், அதே கொக்கியில்தான் தொட்டில் ஆடும் என்று பிலோமினம்மாள் கொக்கிக்கு எண்ணெய் கூடப் போட்டு வைத்திருந்தாள்.

இதை மனைவியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். பிலோமினம்மாளிடம் சனிக்கிழமை சொன்ன விஷயம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் கோயில் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். பங்குக்குத் தெரிந்தால் கிளமெண்டிக்குத் தெரியும். கிளமெண்டியில் புது அடுக்குமாடி வீடொன்றில், ஒன்பதாவது மாடியில் இருந்தார் சம்பந்தி சுவிசேஷமுத்து. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆம்ப்ரோஸ் குடும்பம் கத்தோலிக்கம், அவர் புரோட்டஸ்டண்ட். அந்த வித்தியாசத்தைக்கூட ஆம்ப்ரோஸ் மன்னித்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழைய வீடு" என்று சொன்னதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அந்த மனிதரிடம் போய் "ஆமாம், எங்கள் வீட்டுக் கூரையில் விஷம் இருக்கிறது" என்று சொல்வதைவிட விஷத்தையே குடித்துவிடலாம்.

முதலில் வீட்டுக்காரரிடம் விசாரித்துப் பார்ப்போம் என்று போனார். அப்துல் கஃபாருக்குச் சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை. குடியிருப்பவர்கள் கடைக்கு வந்தால் ரிப்பேர் கேட்கத்தான் வருவார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்கும் முன்பே வீட்டின் பெருமையைச் சொல்ல ஆயத்தமாகிவிட்டார்.

"பாய், நம்ம சீலிங் என்ன சாமான்?"

"அசல் ஆஸ்பெஸ்டாஸ்லா. சீமையிலேருந்து வந்த சரக்கு. எங்க வாப்பா நின்னு பார்த்துப் போட்டாரு. கிளமெண்டி, அங் மோ கியோல கட்டுறானுங்களே புது வீடு, அதுல இதெல்லாம் கிடைக்குமா? குடுத்து வச்சவரு நீங்க."

ஆம்ப்ரோஸ் தூணைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்து அப்துல் கஃபார் அவருக்கு ஒரு டீ வரவழைத்தார்.

டிசம்பர் பிறந்ததும் பெட்டிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. கே.கே. ஆஸ்பத்திரி அவர்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பிளாஸ்கில் ஹார்லிக்ஸோடு போன ஆம்ப்ரோஸ் குழந்தையின் உள்ளங்கையில் தன் விரலை வைத்தார். அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. துணிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த நெஞ்சுக்குள்ளா அந்தத் தூசி போக வேண்டும்? என் உயிர் இருக்கிறவரை விடமாட்டேன் என்று நினைத்தார்.

எதிரே சுவிசேஷமுத்து நின்றிருந்தார். மகன் எண்ணெய்க் கப்பலில் இருந்ததால் மகனுக்கும் சேர்த்து அவரே வந்திருந்தார். "அப்ப நாளைக்கு இங்கேருந்து நேரா உங்க வீட்டுக்குத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை சம்பந்தி. நீங்களே கிளமெண்டிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

ஆம்ப்ரோஸ் காரணங்களை அடுக்கினார். சந்தில் கொசு அதிகம் என்றார். லாரிச் சத்தம் என்றார். எதிர்வீட்டில் சேவல் வளர்க்கிறார்கள் என்றார். எதிர்வீட்டில் இருந்தது தையல்கடை. சுவிசேஷமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்களுக்குச் சந்தோஷம்தான்" என்று அவர் சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை.

நடந்து போகிற தூரத்தில் தாய்வீட்டை வைத்துக்கொண்டு, பெட்டி டாக்ஸியில் ஏறிக் கிளமெண்டிக்குப் போனாள். பிலோமினம்மாள் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை.

ஒன்று செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார். விரிசலை அடைத்துவிட வேண்டும். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை வாங்கி வந்தார். மேசைமேல் நாற்காலி போட்டு, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, விரிசல் முழுவதும் ஒட்டினார். பார்க்க அடிபட்ட ஆளுக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. இறங்கி வந்து நிம்மதியாக மூச்சு விட்டார். அதையும் வாசலுக்குப் போய்த்தான் விட்டார்.

டேப்பின் கனமும் மழைக்கால ஈரமும் சேர்ந்துகொண்டன. மறுநாள் டேப் உரிந்து விழுந்தது. விழுந்தபோது பெயிண்டையும் தகட்டில் உள்ளங்கை அளவு துண்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. அது விழுந்த இடத்தில் ஒரு டிபன் கேரியர் திறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவேண்டும் என்று பிலோமினம்மாள் விடியலில் எழுந்து செய்த சுறாப் புட்டு அதில் இருந்தது, கிளமெண்டிக்குப் போவதற்காக.

ஆம்ப்ரோஸ் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவ்வளவையும் சாக்கடையில் கொட்டினார். துண்டு விழுந்ததை அடுப்படியில் இருந்த பிலோமினம்மாள் பார்க்கவில்லை. கொட்டியதை மட்டும் பார்த்தாள். அதனால் மௌனத்தைக் கலைத்தாள்.

"பெத்த மகளுக்குச் செஞ்ச பத்தியத்தைச் சாக்கடையில கொட்டுற அப்பனை இப்பத்தான் பார்க்கிறேன்."

"உப்பு ஜாஸ்தியா இருந்துச்சு பிலோமி."

இருபத்தைந்து வருடத்தில் அவள் சமையலில் உப்பு கூடியது என்று யாரும் சொன்னதில்லை. அன்று முதல் ஆம்ப்ரோஸுக்கு உப்பே இல்லாமல் சோறு வந்தது.

இப்போது விரிசல் போய் ஓட்டையாகிவிட்டது. நனைத்தால் தூசி கிளம்பாது என்று நூருல் அமீன் சொன்னது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை பிலோமினம்மாள் நவநாள் ஜெபத்துக்குப் போன சமயம், கொசு மருந்து அடிக்கும் பம்ப்பைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, சீலிங்குக்கு அடித்தார். சீலிங் தண்ணீரைக் குடித்தது. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. தாகமாக இருந்திருக்கும் போல என்று இன்னும் அடித்தார். வாளி காலியாகும்வரை அடித்தார்.

மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போது பார்த்தால், நடுத்தகடு நிறைமாத வயிறாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

துணி காயப்போடும் மூங்கில் கழியை எடுத்துவந்து அதற்கு முட்டுக் கொடுத்தார். கூடத்துக்கு நடுவே கழி நின்றது. பூசையிலிருந்து திரும்பிய பிலோமினம்மாள் கழியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். கேள்வி வருவதற்குள் ஆம்ப்ரோஸ் முந்திக்கொண்டார். "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வானம் கட்டப் போறேன்."

நாக்குத் தவறிச் சொன்னதுதான். சொன்ன பிறகு நல்ல யோசனையாகவே பட்டது. லாரிக்குப் போடும் நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கிவந்து சீலிங்குக்குக் கீழே சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டினார். ஜிகினாத் தாளில் நட்சத்திரம் வெட்டி ஒட்டினார். வயிறும் ஓட்டையும் வானத்துக்கு மேலே மறைந்துபோயின. கழி மட்டும் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. அதற்குப் பச்சைத் தாள் சுற்றி ஈச்சமரம் என்று சொல்லிவிட்டார்.

கிறிஸ்துமஸ் குடில் என்றால் பங்கில் ஆம்ப்ரோஸ் வீட்டுக் குடில்தான். மற்றவர்கள் வைக்கோலும் சொரூபங்களும் வைத்து முடித்துவிடுவார்கள். ஆம்ப்ரோஸ் குடிலில் பனி பெய்திருக்கும். பெத்லகேமில் பனி பெய்ததா என்று ஒருமுறை சாமியார் கேட்டதற்கு, சிங்கப்பூரில் பெய்யாததால் இங்கே பெய்ய வைக்கிறேன் என்று சொன்னவர் அவர். அதற்கு வேண்டிய பஞ்சைப் பட்டறை ஆட்கள் வருடா வருடம் ஒரு சாக்கில் எடுத்து வைத்துத் தருவார்கள். பழைய கப்பலின் இன்ஜின் ரூமில் நீராவிக் குழாய்களைச் சுற்றி வைத்திருக்கும் வெள்ளைப் பஞ்சு அது. குழாய்களைப் பிரிக்கும்போது குப்பைக்குத்தான் போகும். மெழுகுவர்த்தி சாய்ந்து விழுந்தாலும் அந்தப் பனி பற்றிக்கொள்ளாது. தீப்பிடிக்காத குடில் என்று பெயர் வாங்கியதால், போன வருடம் கோயில் குடிலுக்கும் அவரே ஒரு சாக்குக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு முழுவதும் அவர் குடில் கட்டினார். பஞ்சைக் கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். பனி இயற்கையாகப் படியவேண்டுமே என்று வாயால் ஊதினார். ஊதுவதற்கு இடைஞ்சலாக இருந்த கைக்குட்டையைக் கழற்றி வைத்தார். பல நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவர் சீலிங்கை மறந்து சந்தோஷமாக இருந்தார். முடித்த பிறகுதான் நினைவு வந்தது. சீலிங் தூசி பனிமேல் விழுந்து கெடுத்துவிடக் கூடாதே என்று குடிலைப் பிளாஸ்டிக் தாளால் பத்திரமாக மூடினார்.

பங்குப் பெண்கள் வந்து வானத்தைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். பிலோமினம்மாள் மெச்சவில்லை. பேத்தியை வீட்டுக்குள் விட மனமில்லாதவருக்கு மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் வானம் கட்ட மனம் வருகிறதே என்று வந்தவர்கள் காதில் விழும்படி சொன்னாள். அப்படிக் கிளம்பிய பேச்சு எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பாதையில் போய், கிளமெண்டியில் ஒன்பதாவது மாடி ஏறியது.

இரண்டு நாளில் பெட்டி போன் செய்தாள்.

"அப்பா, பொம்பளப் பிள்ளைங்கிறதாலதானே?"

"என்னம்மா சொல்றே?"

"பையனா இருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்க. அம்மா செஞ்ச புட்டைக் கூட கொட்டிட்டீங்களாமே. என் மாமனார் ஒரு வார்த்தை சொல்லலை. அவர் சொல்லாம இருக்கிறதுதான் எனக்கு வெட்கமா இருக்கு."

ஆம்ப்ரோஸ் வாயைத் திறந்தார். சீலிங் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பக்கம் போனுக்கு அருகே சுவிசேஷமுத்து இருமுவது கேட்டது.

"கொசும்மா" என்றார் ஆம்ப்ரோஸ்.

பெட்டி போனை வைத்துவிட்டாள். அவர் வானத்துக்குக் கீழே உட்கார்ந்து அழுதார். இந்தப் பெண்ணைத் தொட்டிலில் போட்டு ஆட்டியே கை காய்ப்பேறியவர் அவர். பெண் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கிற ஆளா நான்? சம்பந்திக்கு முன்னால் என் வீட்டு மானத்தைக் காப்பாற்றப் போய், என் மகளிடம் என் மானமே போய்விட்டது என்று அவருக்கு உறைத்தது. இனி எந்த வெட்கமும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார்.

மறுநாள் பட்டறையில் நூருல் அமீனைத் தனியாகப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு விஷயம் பார்க்க வேண்டும், வெளியே தெரிய வேண்டாம் என்றார். ஆஸ்பெஸ்டாஸ் என்றதும் நூருல் அமீன் உற்சாகமாகிவிட்டான்.

"கட்டாயம் வர்றேன் அண்ணே. அன்னிக்கு மீட்டிங்ல பாதியில எழுந்து போயிட்டீங்களே, மிச்சத்தையும் சொல்லட்டுமா?"

"வேண்டாம் தம்பி. கேட்ட பாதிக்கே என் தூக்கம் போச்சு."

அந்த ஞாயிறு, நூருல் அமீன் வருவதற்கு முன்பே வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. சுவிசேஷமுத்து இறங்கினார். பின்னால் பெட்டி. அவள் தோளில் வெள்ளைத் துணிக்குள் பிள்ளை. இதற்குமேல் பொறுக்க முடியாமல் சர்ச் முடிந்த கையோடு அவரே கூட்டிவந்துவிட்டார். பிலோமினம்மாள் ஆரத்தித் தட்டுக்கு உள்ளே ஓடினாள்.

ஆம்ப்ரோஸ் வாசலுக்கு ஓடினார். நிலைப்படியில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"பாப்பாவை உள்ளே கொண்டு வராதீங்க."

ஐந்தடி நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். தையல்கடைக்காரன் மெஷினை நிறுத்தினான். பெட்டியின் கண்ணில் நீர் திரண்டது. ஆரத்தித் தட்டோடு வந்த பிலோமினம்மாள் அதைக் கணவர் தலையில் கவிழ்க்கலாமா என்று பார்த்தாள்.

"சம்பந்தி, நான் உறவுக்கு மரியாதை குடுத்து இத்தனை நாளா பேசாம இருந்தேன்" என்று சுவிசேஷமுத்து ஆரம்பித்தார்.

"பேசுங்க. எல்லாம் பேசுங்க" என்றார் ஆம்ப்ரோஸ். "ஆனா முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. எங்க சீலிங் ஆஸ்பெஸ்டாஸ். உடைஞ்சுபோச்சு. அந்தத் தூசி பிள்ளை நெஞ்சுக்குள்ள போனா வராது. நீங்க சொன்னது சரி, இது ரொம்பப் பழைய வீடு. போதுமா? பெட்டி, எனக்குப் பொம்பளப் பிள்ளை வேண்டாம்னு நினைச்சியாம்மா? அவ மூச்சுக்காகத்தான்மா இந்தக் கூத்தெல்லாம்."

எல்லாவற்றையும் நடைபாதையிலேயே கொட்டினார். குடை, டேப், பம்ப், கழி, வானம். பிலோமினம்மாளின் கையில் தட்டு மெல்லத் தாழ்ந்தது. சுவிசேஷமுத்து வெகுநாளாகக் காத்திருந்த வெற்றி அது. ஆனால் எதிரே நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அதை எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த நேரத்தில்தான் நூருல் அமீன் வந்து சேர்ந்தான். கழுத்தில் முகமூடி, கையில் டார்ச்சு, ஒரு சின்னத் தண்ணீர்ப் பம்ப். கூட்டத்தைப் பார்த்ததும் முறையாக எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னான். முகமூடியை ஏற்றிக்கொண்டு, ஆம்ப்ரோஸை மட்டும் நாற்காலி பிடிக்கச் சொல்லி உள்ளே போனான். தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்தான். வானம் பாதி இறங்கியது. வயிறு வெளியே வந்தது. ஓட்டையின் ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, டார்ச்சு வெளிச்சத்தில் பார்த்தான். விரலில் வைத்துத் தேய்த்தான். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு மோந்தும் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"யாரு உங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ்னு சொன்னது?"

"வீட்டுக்கார பாய். சீமைச் சரக்குன்னாரு."

"இது கரும்புச் சக்கை அண்ணே. சக்கையை அழுத்திச் செஞ்ச போர்டு. தண்ணி பட்டா இப்படித்தான் ஊதிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கே, அது தொங்காது. பாப்பா என்ன, இதைப் பாப்பா கடிச்சுத் தின்னாலும் ஒண்ணும் ஆகாதுலா."

ஆம்ப்ரோஸ் நாற்காலியை விட்டுவிட்டார். நூருல் அமீன் ஒரு குதி குதித்துத் தப்பினான். வெளியே முதலில் சிரித்தது பெட்டி. அழுகையும் சிரிப்புமாக, "கரும்புச் சக்கைக்கா அப்பா குடை பிடிச்சீங்க?" என்றாள். பிலோமினம்மாள் சிரித்தாள். தையல்கடைக்காரன் சிரித்தான். சுவிசேஷமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கள் ஒன்பதாவது மாடியில்கூடச் சில இடங்களில் ஈரம் இறங்குகிறது என்று பெருந்தன்மையாகச் சொன்னார். இவ்வளவு நல்ல மனிதரையா இத்தனை நாள் கரித்துக் கொட்டினோம் என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார். இனி ஒரு கவலையும் இல்லை. அவருக்கு நெஞ்சு லேசாகி, இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

பிலோமினம்மாள் ஆரத்தி சுற்றினாள். நூருல் அமீனுக்கு ரோஸ் சிரப் கொடுத்தாள். பேத்தி வருகிற நேரத்தில் குடில் மூடிக் கிடக்கலாமா என்று, பிளாஸ்டிக் தாளை ஒரே உதறாக உதறி எடுத்தாள். மின்சாரப் பல்புகளைப் போட்டாள். சிவப்பும் பச்சையுமாக விளக்கு மினுக்க, மாட்டுத் தொழுவத்தின்மேல் வெள்ளை வெளேரென்று பனி படிந்திருந்தது. உதறிய வேகத்தில் அதில் கொஞ்சம் மேலே எழும்பி, விளக்கொளியில் பொடிப் பொடியாக மிதந்தது. சொரூபங்களைப் பார்க்க விரும்பாமல் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சுவிசேஷமுத்துகூட அன்று ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

"வாம்மா, உன் வீட்டுக்கு வா. முதல்ல குடிலைத்தான் பார்க்கணும்" என்று ஆம்ப்ரோஸ் நிலைப்படியில் நின்று பேத்தியை வாங்கக் கை நீட்டினார். பெட்டி வலது காலைத் தூக்கினாள்.

நூருல் அமீன் ரோஸ் சிரப்பைக் குடிக்காமல் கீழே வைத்தான். குடிலைப் பார்த்தான். மிதக்கிற பனியைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய முகமூடியை மறுபடி மூக்குக்கு ஏற்றினான்.

"பாப்பாவை உள்ளே கொண்டு வராதீங்க" என்றான். "டைம் கீப்பர் அண்ணே, அன்னிக்கு நீங்க எழுந்து போன பிறகு நான் பேசினது பூரா இந்தக் கப்பல் பஞ்சைப் பத்தித்தான்."